உபதேசியார் மிச்சம் வைத்த மருந்து

கம்பவுண்டர் வேலை என்பது பாதி மருந்து கலக்குவது, பாதி நோயாளி சொல்வதை நம்பாமல் இருப்பது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்கள் ஒப்புக்கொள்வீர்கள். இங்கே கடைசியில் வரும் விஷயத்தை இருபத்தைந்து வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எந்தப் பக்கம்?

நான் வேலை பார்த்தது நகரியில் ஒரு சின்ன மிஷன் மருந்தகம். மெட்ராஸ் ராஜ்யத்திலிருந்து ஆந்திரா தனியாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம். நோயாளிகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார்கள். மருந்தை ஊற்றி, ஓரத்தில் வெட்டுப் போட்ட காகிதப் பட்டையை அதன்மேல் ஒட்டித் தருவோம். ஒரு வெட்டு, ஒரு வேளை. பட்டையில் பெயரைத் தமிழில் எழுதுவதா, தெலுங்கில் எழுதுவதா? சத்தியவேடு பக்கத்து விவசாயி ஒருவரிடமே கேட்டேன். இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "எதுலயாவது எழுது நைனா. இருமலு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கீது."

ஒரு வெட்டு

தேவசகாயம் உபதேசியார், சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர். வயிற்றில் புற்று. பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்து, அப்படியே தைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலிக்கு அபின் சேர்ந்த மருந்து, வாரத்துக்குப் பதினான்கு வெட்டு. திங்கட்கிழமை அவர் மனைவி சாலோமி அக்கா பாட்டிலைக் கொண்டுவருவார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஒவ்வொரு வாரமும் சரியாக ஒரு வெட்டு மிச்சம்.

கொடுக்க மறந்துவிடுகிறார் என்று நினைத்து, வரிசையில் நின்ற அத்தனை பேர் எதிரிலும் கடிந்துகொண்டேன். அக்கா முந்தானையால் பாட்டிலைத் துடைத்தபடி சொன்னார்: "நான் மறக்கல தம்பி. ஞாயித்துக்கெழமை காலைல மட்டும் வாய மூடிக்கினு தலைய ஆட்றாரு. நீயே வந்து ஊத்திப் பாரு."

நான் போன ஞாயிறு

போனேன். அவரால் நடக்க முடியாததால் சபையார் பத்துப் பேர் வீட்டுக்கே வந்திருந்தார்கள். சுவரில் சாய்ந்து, தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு பாட்டின் முதல் அடியை எடுத்தார். நடுவில் குரல் நின்றுபோனது. யாரும் அவருக்குப் பதிலாகப் பாடவில்லை, காத்திருந்தார்கள். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்ட பிறகு, விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்.

பாட்டு முடிந்ததும் மருந்தை நீட்டினேன். வேளையைத் தவறவிடச் சொல்லி எந்த வேதத்தில் இருக்கிறது என்று கேட்டேன். நான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, அவர் வேதம் எனக்குத் தெரியாது. அவர் சிரித்தார்: "வேதத்துல இல்ல தம்பி. உன் மருந்து குடிச்சா வலியும் தெரியல, சாவுற பயமும் தெரியல. பயமே இல்லாதவன் கர்த்தரு கையப் புடிச்சா அது சும்மா புடிக்கிறது. வாரத்துல ஒரு நாளு நெசமா புடிச்சிப் பாக்கறேன்."

அக்கா சொன்னது

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவர் போய்விட்டார். கடைசி பாட்டிலைத் திருப்பித் தர வந்த அக்கா சொன்னார்: "பாட்டு முடிஞ்சுது, கண்ண மூடிக்கினாரு. மொகத்துல துளி பயம் இல்ல தம்பி."

ஊரே அதை மெச்சியது. எனக்குத்தான் இடித்தது. மருந்து குடிக்காத காலையில் பயம் இருந்திருக்க வேண்டுமே, அதற்காகத்தானே அவர் குடிக்காமல் இருந்தார்?

கேட்டது

போன மாதம் டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கம். மறுநாளே, திருப்பதியில் மகள் வீட்டில் இருக்கும் அக்காவைத் தேடிப் போனேன். கண் மங்கியிருந்தும் குரலை வைத்தே கண்டுகொண்டார். "கம்பவுண்டர் தம்பியா? மெலிஞ்ச குரலா கீதே, உக்காரு."

வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்கு வேளை வெட்டிக் கொடுத்தவன், தன் வேளை வந்ததும் செய்த முதல் காரியம் கண் தெரியாத ஒரு விதவையைத் தொந்தரவு செய்ததுதான்.

"அக்கா, அன்னைக்கு அவரு பயந்தாரா? பயந்துக்கினேதான் பாடினாருன்னா எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். நெசமா சொல்லுக்கா, பயந்தாரா?"