ஸ்னேஹா போட்ட கையெழுத்து

ஹலசூரில் முனிராஜைப் பற்றிக் கேட்டால், "பொண்டாட்டிகிட்ட தோத்துட்டு வந்தவனா?" என்று சிரிப்பவர்கள் நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் கிடக்கிறார்கள். தோற்றதும் ஜெயித்ததும் அவர்களுக்கு என்ன தெரியும்? நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

முனிராஜ் கம்பெனி கேப் டிரைவர். பன்னிரண்டு வருஷமாக எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஐ.டி. ஆட்களை ஏற்றி இறக்குகிறான். அந்த வேலையில் டிரிப் ஷீட் இல்லாமல் ஒன்றும் நடக்காது. யாரை எங்கே எத்தனை மணிக்கு ஏற்றினோம், எத்தனை மணிக்கு இறக்கினோம் என்று எழுதி, ஏறியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இப்போது ஆப் வந்துவிட்டது என்றாலும் அவன் கம்பெனியில் பேப்பர் இன்னும் ஒழியவில்லை. முனிராஜின் ஷீட்டில் ஒரு அடித்தல் திருத்தல் பார்க்க முடியாது. அதில் அவனுக்கு ஏகப்பட்ட கர்வம்.

அந்தக் கர்வம்தான் அவன் கண்ணை மறைத்தது.

அவனுக்கும் பார்கவிக்கும் ஒத்துவரவில்லை. யார் மேல் தப்பு என்று கேட்டால் இரண்டு பேரும் ஆளுக்கொரு மணி நேரம் பேசுவார்கள், அதை விடுங்கள். பார்கவி கார்மெண்ட்ஸில் லைன் சூப்பர்வைசர். மகள் ஸ்னேஹாவை அழைத்துக்கொண்டு அத்திபெலேயில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். விவாகரத்து வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்குப் போனது. "பொண்ணு எனக்குத்தான்" என்று இரண்டு பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். வழக்கு முடியும்வரை சனிக்கிழமை பத்து மணியிலிருந்து ஞாயிறு மாலை ஐந்து வரை குழந்தை அப்பாவிடம் இருக்கட்டும் என்றது கோர்ட்.

அத்திபெலே பஸ் ஸ்டாண்டுதான் ஒப்படைக்கும் இடம். பார்கவி வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடை. ஆனால் முனிராஜ் அந்த வாசலை மிதிக்க மாட்டான். பார்கவி அவன் வண்டிப் பக்கம் வர மாட்டாள். அவள் அந்த ஓரம், இவன் இந்த ஓரம். நடுவில் ஒன்பது வயசுப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு தனியாக நடந்து வரும்.

வந்து ஏறியதும் முனிராஜ் டிரிப் ஷீட்டை நீட்டுவான்.

"டைம் பாத்து சைன் போடு கண்ணு. பத்து இருபத்தஞ்சு. மம்மி இருபத்தஞ்சு நிமிஷம் லேட்."

ஞாயிற்றுக்கிழமை இறக்கும்போது இன்னொரு கையெழுத்து. வாரத்துக்கு ஒரு ஷீட். கூட வண்டி ஓட்டும் டேரில் என்பவனும், "சூப்பர் மச்சி, பக்கா எவிடன்ஸ்" என்றான். பெற்ற பிள்ளையைப் பாசெஞ்சர் ஆக்கிவிட்டோமே என்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

பத்து மாசம் ஓடியது. இரண்டு பேரும் இறங்கி வராததால், குழந்தையையே கூப்பிட்டு யாரோடு இருக்க விருப்பம் என்று கேட்க வேண்டியிருக்கும் என்றார் ஜட்ஜ். அதற்கு முன்னால் ஒரு தடவை சமரச மையத்துக்குப் போய்ப் பேசிப் பாருங்கள் என்று அனுப்பி வைத்தார். அங்கேயும் முடியாவிட்டால், அடுத்த வாய்தாவுக்கு ஸ்னேஹா ஜட்ஜ் முன்னால் நிற்க வேண்டும்.

மீடியேட்டர் கோமளம் என்ற வக்கீல் அம்மா. ஃபோனில் யாரிடமோ கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவர், இவர்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"உட்காருங்கோ. நான் தீர்ப்பு சொல்ற ஆள் இல்லே. இந்த ரூம்ல பேசறது எதுவும் கோர்ட்டுக்குப் போகாது. மொதல்ல தனித்தனியா கேக்கறேன்."

முனிராஜின் முறை வந்தது. ஃபைலைப் பிரித்து மேஜைமேல் வைத்தான்.

"நாப்பத்திமூணு ஷீட் மேடம். ஒண்ணு மிஸ் ஆவல. அவ எந்த வாரம் எவ்ளோ லேட்டு, எல்லாம் இருக்கு. பொண்ணே சைன் போட்டிருக்கு."

கோமளம் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நேரம் எழுதிய கட்டத்தை அவர் பார்க்கவேயில்லை. முதல் ஷீட்டையும் கடைசி ஷீட்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதல் ஷீட்டில் ஸ்னேஹாவின் பேர் முழுசாக இருந்தது, பக்கத்தில் குட்டியாக ஒரு பூ. கடைசி ஷீட்டில் வெறும் ஒரு கோடு.

"ரிமார்க்ஸ் கட்டம் பாத்தேளா முனிராஜ்?"

"அதுல நாங்க ஒண்ணும் எழுதறதில்ல மேடம்."

"நீங்க எழுதல."

காகிதத்தை அவன் பக்கம் திருப்பினார். பென்சிலில், ஸ்கூல் இங்கிலீஷில், எறும்பு மாதிரி சின்னச் சின்ன எழுத்து. 'மம்மி வேண்டுமென்று லேட் செய்யவில்லை. என் ஷூ கிடைக்கவில்லை.' அடுத்த ஷீட்: 'மழை நிற்கவில்லை. மம்மி ஓடி வந்தாள்.' இன்னொரு ஞாயிறு, அவனே தாமதமாக இறக்கிய நாள்: 'டாடி நல்ல டிரைவர். டிராஃபிக்தான் காரணம்.'

முனிராஜ் ஒவ்வொரு வாரமும் நேரத்தை மட்டும் சரிபார்த்து ஃபைலில் வைத்தவன். பென்சில் எழுத்து அவன் கண்ணில் பட்டதேயில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அந்தப் பிள்ளை பத்து மாசமாக வக்கீல் வேலை பார்த்திருக்கிறது.

"இதைக் கோர்ட்ல தாக்கல் பண்ணலாம், தடுக்க எனக்கு அதிகாரம் இல்லே" என்றார் கோமளம். "பண்ணினா சாட்சி யாரு?"

முனிராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவளை உள்ள கூப்பிடுங்க மேடம்" என்றான்.

பார்கவி சண்டைக்குத் தயாராகத்தான் வந்து உட்கார்ந்தாள். முனிராஜ் ஷீட்டுகளை அவள் பக்கம் தள்ளினான். ஷூ வரியில் அவள் கை நின்றது.

"ஷூவை நாந்தான் எங்கியோ வெச்சிட்டேன்" என்றவள் உடைந்து அழுதாள். பிறகு ஃபோனை எடுத்து மேஜையில் வைத்தாள். "நானும் ஒண்ணும் ஒழுங்கு இல்ல மேடம். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும், டாடி வீட்ல யார் வந்தாங்க, என்னா சாப்ட்டேன்னு கேட்டு அவ பேசறத ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன்."

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இன்னும் மூன்று தடவை உட்கார்ந்தார்கள். தசரா லீவுக்கு ஒரு சண்டை, பிறந்தநாளுக்கு ஒரு சண்டை. ஒரு தடவை முனிராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே போனான். காரிடார் கடைசிவரை போனவன் திரும்பி வந்து, "சாரி மேடம், எதுல நின்னோம்?" என்றான். அந்தத் திரும்பி வந்தது இருக்கிறதே, அதற்குத்தான் பெரிய மனசு வேண்டும். ஹலசூர்க்காரர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் ஒப்பந்தம் எழுதினார்கள். பள்ளிக்கூட நாட்களில் அம்மா வீடு. வெள்ளி சாயங்காலத்திலிருந்து ஞாயிறு வரை அப்பா. லீவில் பாதிப் பாதி. பஸ் ஸ்டாண்டு ஒப்படைப்பு கிடையாது, முனிராஜே வீட்டு வாசலுக்குப் போய் அழைத்துவர வேண்டும். இந்த வீட்டுக் கதையை அந்த வீட்டில் யாரும் பிள்ளையிடம் கிளறக் கூடாது. பிள்ளையைப் பள்ளிக்கூட நாட்களில் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நின்றவன் முனிராஜ்தான், விட்டுக்கொடுத்தவனும் அவன்தான். தோத்துட்டான் என்று சிலர் சொல்வது இதை வைத்துத்தான். கல்யாணமும் முறிந்துதான் போனது. ஆனால் வாய்தா அன்றைக்கு ஜட்ஜ் ஒப்பந்தத்தைப் படித்து, இருவரையும் ஒருமுறை பார்த்து, குழந்தையை அழைக்க வேண்டிய அவசியம் இல்லை என்றார். அந்த நேரத்தில் ஸ்னேஹா ஸ்கூலில் கோகோ விளையாடிக்கொண்டிருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை முனிராஜ் முதல்முறையாகப் பார்கவி வீட்டு வாசலுக்குப் போய் பெல் அடித்தான். பார்கவியே பையை எடுத்துவந்து வண்டியில் வைத்தாள். அத்திபெலே டோல் தாண்டும்வரை ஸ்னேஹா வாயே திறக்கவில்லை.

அப்புறம் கேட்டாள். "டாடி, ஜட்ஜ் அங்கிள் என்னை எப்போ கூப்பிடுவாரு?"

"கூப்பிட மாட்டாரு கண்ணு. கேஸ் முடிஞ்சிது."

"ஆனா நான் ஆன்சர் பிராக்டிஸ் பண்ணி வெச்சிருந்தேனே."

முனிராஜுக்குக் கேட்க பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டான். "என்னா சொல்லலாம்னு இருந்த?"

"என்னை ஹாஸ்டல்ல போட்டுடுங்கன்னு. அப்போ நீயும் அழ மாட்ட, மம்மியும் அழ மாட்டாங்க."

அவன் இண்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரம் கட்டினான். பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அதே நெஞ்சில், அந்தப் பதிலை என் பிள்ளை யாரிடமும் போய்ச் சொல்ல விடவில்லையே நாங்கள் என்று ஒரு பெருமிதமும் பொங்கியது. பொங்கட்டும், அவன் சம்பாதித்தது அது.

"அத நீ யார்கிட்டயும் சொல்ல வேணாம். யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. நானும் மம்மியும் கேக்க விட மாட்டோம்."

"நீயும் மம்மியுமா?"

"ஆமா. நானும் மம்மியும்."

ஸ்னேஹா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, காலை மடக்கி சீட்டில் வசதியாக உட்கார்ந்தாள்.

"டாடி, நேத்து மம்மி மீன் கொழம்பு வெச்சாங்க தெரியுமா? சக்கத்தா, சூப்பரா இருந்துச்சு" என்று ஆரம்பித்தவள், ஹலசூர் வரும்வரை நிறுத்தவேயில்லை.