மேடவாக்கத்துப் பூனையும் அனகாபுத்தூர் மாடும்

‘இடத்தை வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் ஏற்காவிட்டால் ஒதுக்கீடு ரத்தாகும்.’ ஷமீமாவுக்கு வந்த ஒதுக்கீட்டுக் கடிதத்தின் மூன்றாவது வரி இது. கால்நடை மருத்துவப் படிப்பு. ஐந்தரை ஆண்டுகள், பயிற்சிக் காலமும் சேர்த்து. கல்லூரி திருநெல்வேலிப் பக்கம். அவளுடைய அத்தா அன்வர் பாய் இன்னும் சம்மதிக்கவில்லை. என் பழைய நண்பர். பல்லாவரத்தில் பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கிறவர். “ரெண்டு டாக்டருங்களக் கேட்டுட்டு முடிவு பண்றேன். நீங்க கூட வந்து எழுதிக்கங்க சார். அப்புறம் நான் இப்படிக் கேட்டேன், அப்படிக் கேட்டேன்னு இவ மாத்தக்கூடாது” என்றார்.

வெள்ளி காலை 7.40. தாம்பரத்திலிருந்து மின்ரயில், ஐந்து ரூபாய். மூன்றாவது நிறுத்தம் பல்லாவரம். வெள்ளிச் சந்தைக்காரர்கள் அதற்குள் தார்ப்பாய் விரித்துவிட்டார்கள். அப்பாவும் மகளும் நிலைய வாசலில் காத்திருந்தார்கள். மூவரும் மேடவாக்கத்துக்கு ஆட்டோ பேசினோம், 250 ரூபாய்.

“நாய் டாக்டர்கிட்டயா? இன்னா சார், நாயக் காணோமே?” என்றார் ஓட்டுநர்.

“பொண்ணு படிக்கப் போவுது” என்றேன்.

“படிக்கட்டும் சார். எங்க தெருவுல ஒரு பொமரேனியன் கீது. எனக்குக்கூட அவ்ளோ செக்கப் நடந்ததில்ல.”

8.55. கீழ்க்கட்டளையில் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் போயிற்று. மருத்துவமனை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்தது. தோள்பைகளில் பூனைகள் காத்திருந்தன. நடத்துபவர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் மருத்துவர். ஒளிக்காமல் பேசினார்.

“சனி, ஞாயிறு மூச்சு விட நேரமிருக்காது. ஆனா படிச்சு முடிச்ச கையோட கிளினிக் போட முடியாது சார். நான் இன்னொருத்தர்கிட்ட மூணு வருஷம் சம்பளத்துக்கு இருந்தேன்.”

“மாடெல்லாம் வருமா?” என்று கேட்டார் அன்வர் பாய்.

“இந்தப் படியில எப்படி சார் ஏறும்?”

ஷமீமா சிரித்தாள். அன்வர் பாய் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், “பூனைக்கு ஊசி போட அவ்ளோ தூரம் போவணுமா? இங்கயே பி.எஸ்சி. சேந்தா வூட்லேந்து போய் வரலாம்” என்றார்.

“அத்தா, இன்னும் ஒருத்தரப் பாக்கல” என்றாள் அவள்.

11.10. அனகாபுத்தூரில், ஆற்றுக்கு அருகே, அரசுக் கால்நடை மருந்தகம். பால்காரப் பெண்மணி ஒருவர் காய்ச்சல் கண்ட கலப்பினப் பசுவோடு நின்றார். வெப்பமானியை வைத்துவிட்டுக் காத்திருந்த மருத்துவர் எங்களுக்குப் பதில் சொன்னார். “அரசு வேலை, தேர்வு அறிவிப்பு வந்தாத்தான். அதுவரைக்கும் பால் ஒன்றியம், கோழிப் பண்ணை, தீவனக் கம்பெனி இருக்கு. வேலை கெடைக்கும். தாம்பரத்துலயே கெடைக்கும்னு மட்டும் எழுதிக்காதீங்க சார்.”

எழுதிக்கொண்டேன். நிமிர்ந்தபோது அன்வர் பாய் மாட்டருகே நின்றிருந்தார். மேசையில் விரித்த தோலைத் தடவுகிற அதே பழக்கத்தில், கட்டைவிரலை முடிக்கு எதிராக ஓட்டிக்கொண்டிருந்தார். கழுத்துக்குக் கீழே விரல் நின்றது.

“டாக்டர், இங்க ஒரு முடிச்சு இருக்கு. இந்த மாதிரி இருந்த எடம் பதனிட்டப்புறம் வட்டமா தெரியும். நாங்க அந்தத் தோலத் தனியா ஒதுக்கிடுவோம்.”

மருத்துவர் தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு அகப்பட்டன. “தோல் கழலை நோயா இருக்கலாம். மாதிரி அனுப்பறேன். அக்கா, மத்த மாடுங்களோட சேத்துக் கட்டாதீங்க.” பிறகு திரும்பி, “பாய், இதுவரைக்கும் எத்தன மாடு பாத்திருப்பீங்க?”

“கணக்கே இல்ல. உயிரோட நிக்கறது இதான் மொதல்.”

பால்காரப் பெண்மணி அவரை ஒரு மாதிரி பார்த்தார். அவரோ மகளை அழைத்து, அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். “தெரியுதா?”

“தெரியுது. சூடா இருக்கு, அத்தா.”

“எங்க மேசைக்கு வரப்போ சூடு இருக்காது” என்றார். பிறகு ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பினார்.

மாலை 4.18. பல்லாவரம் சந்தை நெரிசல். கூண்டுக் கிளிகள் விற்குமிடத்தில் ஒதுங்கி நின்று ஷமீமா போனைத் திறந்து அத்தாவைப் பார்த்தாள்.

“அழுத்து. அஞ்சு மணி வரைக்கும் எதுக்கு வெச்சுகினு இருக்கே?”

அழுத்தினாள். ஏற்கப்பட்டதாகச் செய்தி 4.21க்கு வந்தது.

அந்தப் பசுவுக்கு வந்தது தோல் கழலை நோய்தானா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை. ஆய்வக முடிவு வரவில்லை. அன்வர் பாய் மருந்தகத்துக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டார்.