அம்மா வைத்த சுண்டக்குழம்பு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழையும் நிறைய வரும். அஞ்சாவதோடு நின்றவன் எழுதியது என்று பொறுத்துப் படியுங்கள்.

குயிலாப்பாளையத்தில் நான் பாத்திரம் கழுவும் விடுதியில், மீந்த காய்களையெல்லாம் ஒன்றாகப் போட்டு ஓவனில் வைத்திருந்தார்கள். ஓரம் தீய்ந்த வாசனை வந்ததும், போன வருடம் இறந்துபோன அம்மாவின் சுண்டக்குழம்பு நினைவுக்கு வந்துவிட்டது.

மரக்காணத்தில் எங்கள் வீட்டில் பொங்கல் முடிந்தால், மீந்த சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் ஒரே சட்டியில் விழும். அம்மா அதைத் தினமும் சுண்டவைப்பாள். கறுத்துக் குழைந்த அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். ஆனாலும் அடியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்ன தங்கையோடு சண்டை போடுவேன்.

பகலெல்லாம் உப்பளத்தில் உப்பு வாருகிற அம்மாவுக்கு உதடெல்லாம் உப்பு படிந்திருக்கும். குழம்பில் எவ்வளவு போட்டாலும் அவள் நாக்குக்குக் கரிக்காது.

"இன்னாமே, கடலையே கரைச்சி ஊத்திட்டியா?" என்பார் அப்பா.

"சோத்த இன்னும் கொஞ்சம் போட்டுப் பெசஞ்சித் துன்னுய்யா" என்பாள்.

அன்று விடுதியிலிருந்து திரும்பியதும், வீட்டில் மீந்த குழம்பை மனைவியிடம் சுண்டவைக்கச் சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

"இன்னொரு கை உப்பு போடேன்."

"பிரஷர் மாத்திரை போடுற ஆளு பேசுற பேச்சா இது?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டின் ஓரத்தில் கொஞ்சம் உப்பு வைத்தாள். "இன்னிக்கி மட்டுந்தான்."

பிசைந்து வாயில் வைத்தேன். அப்படியே கரித்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதையும் தின்று முடித்தேன்.

காணும் பொங்கல், 2006