கூட்டி அள்ளிய தூள்

சாயங்காலம் சங்கு ஊதியதும், தேயிலை ஃபெக்டரி வாசலில் பெண்கள் நாங்கள் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் தூக்குகிறோம். காவல்காரரின் மனைவி மடியை உதறிப் பார்த்த பிறகுதான் லயத்து வீட்டுக்குப் போகலாம். எங்கள் முசிறிப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு விநோதமாக இருக்கும். பத்து வருஷமாகக் கை தூக்குகிற எனக்கு அலுப்பாக மட்டுமே இருக்கிறது.

கல்யாணமாகி இலங்கைக்கு, இந்தக் கொட்டகலைத் தோட்டத்துக்கு வந்த முதல் மாதம், தூளில் குச்சி பொறுக்கும் வேலை கிடைத்தது. வேலை முடிந்து தரையைக் கூட்டினேன். கூட்டிய தூளை மடியில் முடிந்துகொண்டேன். திருட்டுப் புத்தியில் அல்ல. எங்கள் ஊர்க் களத்தில் அறுப்புக் கூலியைக் குவியலிலிருந்தே அளந்து போடுவார்கள்; கடைசியில் களத்தைக் கூட்டி அள்ளும் நெல் கூட்டியவளுக்கு. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

"மே மொகத?" என்று மடியைத் தொட்டு, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டாள் காவல்காரரின் மனைவி.

"கூட்டுனதுங்க. என் பங்கு" என்று சிரித்தேன். சிரிப்பைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. ஃபெக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரைக் கூப்பிட்டுவிட்டாள். அவர் தமிழர்தான்.

"எருக்குழிக்குப் போற குப்பைதான். ஆனா தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா வேலைப் பதிவுல பேரை வெட்டிருவாரு. ஒன் புருசன் பேரும் போயிரும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும். எங்க போவீங்க?" என்றார்.

எங்களை இந்த நாட்டுக் குடிகள் இல்லை என்று சொல்லிவிட்ட காலம் அது. காலில் விழுந்தேன். அரை நாள் கூலியை வெட்டியதோடு விட்டுவிட்டார். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

அந்த வருஷம் கூலி கூட்டிக் கேட்டபோது, லண்டனில் தேயிலை விலை விழுந்துவிட்டது என்றார் துரை. விழுந்திருக்கலாம். ஊரிலும் விளைச்சல் பொய்த்தால் கூலி குறையும். எங்கள் பண்ணையார் ஒன்றும் தர்மப்பிரபு இல்லை, மரக்காலைத் தலைதட்டித்தான் அளப்பார். ஆனால் குவியல் கண்ணெதிரே கிடக்கும்; அதைக் காட்டி அவரோடு சண்டை போடலாம். இங்கே பெட்டிக்கு ஆணி அடித்து ரயிலேற்றிவிடுகிறார்கள். கூலி நியாயமா இல்லையா என்று சொல்லவாவது, உழைத்தவள் கண்ணுக்குக் குவியல் தெரியவேண்டாமா?

போன தை மாசம் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆசைக்கு நானும் இறங்கினேன். பொழுது சாய, களத்தைக் கூட்டி நெல்லை மடியில் முடிந்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என் பங்கு! எல்லாரும் வரப்பேறி நடந்துவிட்டார்கள்.

"ஏக்கா, ஏன் அங்கேயே நிக்கிற?" என்று தம்பி திரும்பி வந்து கேட்டான்.

அப்போதுதான் கவனித்தேன். களத்து ஓரத்தில், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, யாராவது வந்து மடியை உதறட்டும் என்று நின்றிருந்தேன்.