எனிமா கேனும் என் வாயும்

மருத்துவச்சி வேலையில் சேர்ந்த முதல் மாதமே, என் வாயால் ஒரு பிரசவத்தைக் கெடுக்கப் பார்த்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சு சர்க்கார் என்னைப் பாகூர் கொம்யூன் வட்டாரத்துக்குப் போட்டிருந்தது. அங்கே சோரியாங்குப்பம் கிராமத்தில் அஞ்சலைக்குத் தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் பார்க்கப் போனேன். பையிலிருந்து எனிமா கேனை எடுத்து வைத்ததும் அவள் மாமியார், "இன்னாம்மா இது, ரப்பர் குழாயி தொங்குது?" என்றார். ஆஸ்பத்திரியில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன்.

"வலி எடுத்ததும் இதால குடலைக் கழுவணும். இல்லன்னா முக்கறப்போ புள்ளையோட சேர்ந்து உன் மலமும் வரும்."

நாத்தனார்கள் இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அஞ்சலை தலை நிமிரவே இல்லை. எனக்கு உறைத்தால்தானே!

பத்தாம் நாள் காலை ஆள் அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தையின் தலை இறங்கிவிட்டது, எனிமாவுக்கு நேரமில்லை. ஆனால் அஞ்சலை முக்க மாட்டேன் என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு துவண்டு கிடந்தாள். காதுக்குழலை வயிற்றில் வைத்தேன். குழந்தையின் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது.

"கடைசியா எப்ப சாப்ட்ட?" என்றேன்.

அவள் என் காதோடு சொன்னாள். "மூணு நாளா ஒண்ணும் துன்னலக்கா. துன்னாதானே வரும்? அத்தை எதிர்ல... மானம் பூடும்."

தலைமாட்டில் இருந்த மாமியாருக்குப் பாம்புச் செவி. "அடிப்பாவி! இதுக்கா வவுத்தக் காயப்போட்ட?" என்று ஓடிப்போய் வெல்லத் தண்ணீர் கரைத்து வந்து, தானே ஊட்டினார். "ஒம் புருசன் பொறக்கறப்போ நான் பாயெல்லாம் நாறடிச்சேன்டி. அதுல வந்து வுழுந்தவனத்தான் நீ கட்டிக்கினு கீற!"

அஞ்சலை வலியிலும் குபுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு அடுத்த வலி வந்தது. "வுடாத, முக்கு!" என்று நானும் மாமியாரும் சேர்ந்து கத்தினோம். நாலாவது முக்கில் குழந்தை வந்து வீலென்று அழுதது. அப்பாடா! எனக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆணா பெண்ணா என்றுகூட அஞ்சலை கேட்கவில்லை.

"அக்கா, வந்துச்சா?"

"வந்துச்சு, தொடைச்சிப் போட்டாச்சு. இதுவும் வந்துச்சு பாரு," என்று மகளை அவள் நெஞ்சில் போட்டேன்.

அதற்குப்பின் எனிமா கேன் என் பையின் அடியிலேயே கிடந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கர்ப்பிணியிடம் மட்டும் சொல்வேன்: "வயிறார சாப்புடு. எது வந்தாலும் தொடைக்கத்தான் நான் வரேன்."