கடவமும் கையுமாக வரவும்

மணவாளக்குறிச்சிக் கரையில் செல்லபாயைப் போல வாய் உள்ளவள் இல்லை என்பார்கள். பொய்யில்லை. மீன் விற்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் தெருநாய்கூட மதிக்காது. இருபது வருஷத்துக்கு முன்னால் பனையோலைக் கடவத்தில் மீனை அள்ளித் தலையில் சுமந்து, ஊர் ஊராய்க் கூவி விற்றவள்தான். கழுத்துத் தேய்ந்ததுதான் மிச்சம். இப்போது ஸ்கூட்டரின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு இரணியல், திங்கள்நகர் என்று ஒரு சுற்று வருகிறாள். "நெய்மீன் உண்டுமா?" என்று வாடிக்கைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். பழைய கடவத்தை எலி கடித்துக் குப்பைக்குப் போய் வெகுநாளாயிற்று.

அவளுடைய ஒரே மகள் பெமிலா கோயம்புத்தூரில் உலோகவியல் படிக்கிறாள். கடைசி வருஷத்துக்குப் பீஸ் கட்ட வேண்டும். புருஷன் ஏசுஅடிமை விசைப்படகில் வேலை பார்க்கிறவன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் கொட்டாரத்துப் பகவதியப்பனின் அறக்கட்டளை ஒரு போட்டியை அறிவித்தது.

பகவதியப்பன் கம்பியும் சிமெண்டும் விற்றுப் பெருத்தவர். கல்யாண வீடென்றால் மாப்பிள்ளையாகவும் இழவு வீடென்றால் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிற பிறவி. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவுகிறேன் என்றால் வாசலில் வரிசை நிற்கும். உலோகம், பொருளறிவியல் என்று படிக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் போட்டி அவர்களுக்கு. செலவு சின்னது, பெயர் பெரியது. ஆளுக்குப் பத்து நிமிஷம் தங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். முதல் பரிசுக்கு மட்டும் கடைசி வருஷப் பீஸ் முழுவதும். மற்றவர்களுக்குக் கேடயம், வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.

பெமிலா பேசப்போன விஷயம் கரையில் எல்லோரும் கண்ணால் பார்ப்பது. வள்ளத்து எஞ்சினில், தண்ணீருக்குள் இறங்குகிற காலின் அடியில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். உப்புத்தண்ணீர் முதலில் அதைத்தான் அரிக்கும். அது கரைகிறவரை எஞ்சினின் காலுக்கு ஆபத்தில்லை. நம் ஆட்கள் திருவிழா வந்தால் எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிக்கிற சாக்கில் அந்தக் கட்டிக்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும், உப்பு கட்டியை விட்டுவிட்டுக் காலை அரித்து ஓட்டை போடும். பெமிலா உலோகத் துண்டுகளை மாதக்கணக்கில் கடலில் தொங்கவிட்டு, பெயிண்ட் அடித்தால் எவ்வளவு நஷ்டம் என்று அளந்து வைத்திருந்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் அறக்கட்டளைச் செயலாளர் செல்லபாயைப் போனில் கூப்பிட்டார்.

"அக்கா, நாளைக்கு மேடைக்கு வரும்போ கடவமும் கையுமா வரணும். அண்ணாச்சி சொல்லச் சொன்னாரு."

"எனக்க கிட்ட கடவம் இல்ல. ஸ்கூட்டர வேணும்னா மேடைல ஏத்தட்டா?"

"வேண்டாம், வேண்டாம். கடவம் நாங்களே வாங்கி வைக்கோம்."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று செல்லபாய் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியது அந்த வருஷத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

நாகர்கோவில் மண்டபத்து வாசலிலேயே பெமிலா நின்றுவிட்டாள். ஆள் உயரப் பிளெக்ஸில் அவள் படம். கீழே, 'முதல் பரிசு பெறும் ஏழை மீனவ மாணவி.'

"அம்மா, நான் இன்னும் பேசவே இல்ல."

செல்லபாய்க்கும் சுருக்கென்றது. ஆனாலும் பீஸ் கிடைக்கப்போகிறதே என்று ஒரு நப்பாசை உள்ளே குதித்ததையும் மறைக்க முடியாது.

குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, பதில் பொன்னாடை என்று காலை முழுவதும் போயிற்று. பகவதியப்பனுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்களை வரிசையாக நிறுத்தினால் கொட்டாரம் வரைக்கும் நிற்கும். நடுவராக வந்த சுபிதா, வடக்கே ஓர் உருக்காலையில் பொறியாளர். காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பேச வந்த ஐந்து பிள்ளைகளும் பென் டிரைவைக் கையில் பிடித்தபடி முன்வரிசையில் வேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டு நேரம் நெருங்கியதும் பகவதியப்பன் மைக்கைப் பிடித்தார். நேரம் போதாததால் மாணவர்கள் தங்கள் பேச்சை எழுதிக் கொடுத்துவிடலாம், நேராகப் பரிசளிப்புக்குப் போவோம் என்றார். செல்லபாயை மேடைக்கு அழைத்தார். செயலாளர் புத்தம்புதுக் கடவத்தோடு நின்றார். படமெடுக்கிறவர்கள் முன்னால் முண்டினார்கள்.

"கணவனைக் கடலுக்குப் பறிகொடுத்துவிட்டு, இந்தத் தாய் தன்னந்தனியாக மீன் சுமந்து..." என்று பகவதியப்பன் தழுதழுத்தார். மண்டபம் முழுவதும் 'ச்சூ' கொட்டியது.

மூன்றாவது வரிசையில் மிக்சர் தின்றுகொண்டிருந்த ஏசுஅடிமை மெல்லுவதை நிறுத்தினான்.

செல்லபாய்க்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, அவரு சாவல்ல. அந்தா இருந்து மிக்சர் திங்காரு."

மண்டபம் சிரித்தது. பகவதியப்பனின் முகம் சுண்டிப்போனது. "சரிம்மா, சரி. கடவத்தத் தலைல வையி. பத்திரிகைக்காரங்க போகணும்."

அவசரம் யாருக்கு என்பது அப்போதுதான் செல்லபாய்க்குப் பிடிபட்டது. கரையில் ஏலம் எடுத்துப் பழகினவள் அல்லவா, அவசரக்காரனிடம் விலை பேச அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறப்பு விருந்தினர் கைகழுவ எழுந்துபோயிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்க மவளும் மத்த பிள்ளையளும் பேசட்டு. அந்தம்மா கேட்டு மார்க்கு போடட்டு. பொறவு நான் கடவத்தத் தலைல வைக்கேன். எத்தன படம் வேணுமோ எடுத்துக்கிடுங்க."

"கேட்கத்தானே நான் வந்தேன்" என்றாள் சுபிதா. அதன்பின் பகவதியப்பனுக்கு வேறு வழியில்லை.

பிள்ளைகள் பேசினார்கள். பெமிலாவுக்குத் தொடக்கத்தில் குரல் நடுங்கியது. துத்தநாகத்துக்கு வந்ததும் நடுக்கம் போய்விட்டது. பேசி முடித்ததும் சுபிதா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆறு கடலில் சேருகிற இடத்தில் உப்பு குறையுமே. அங்கே கட்டி நிற்கிற வள்ளங்களுக்கும் இந்தக் கணக்கு சரிவருமா? பார்த்தாயா?"

வள்ளியாறு கடலில் விழுகிற பொழிமுகம் பெமிலாவின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். "இல்ல மேடம். அத நான் பாக்கல்ல."

வெல்டிங் விரிசலைப் பற்றிப் பேசிய ரிஜோ என்ற பையனுக்கு முதல் பரிசு. பெமிலாவுக்கு இரண்டாவது. "பிளெக்ஸ் அடிச்சாச்சே மேடம்" என்று பகவதியப்பன் கெஞ்சிப் பார்த்தார். மார்க்கில் மாற்றமில்லை என்று சுபிதா காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டாள்.

செல்லபாய் கைக்கு வந்த பீஸைத் தன் வாயாலேயே தட்டிவிட்டிருக்கிறாள். ஆனாலும் சொன்ன சொல் சொல்தான். எழுந்து வந்து கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் படம் எடுக்கவில்லை. பகவதியப்பன் அவளை ஓரமாக நிற்கும்படி சைகை காட்டிவிட்டு, முதல் பரிசுக்காரனின் தாயை அழைத்தார். அவள் தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. பட்டுச்சேலை சரசரக்க மேடையேறினாள்.

செல்லபாய் கடவத்தை இறக்கி அவளிடம் நீட்டினாள்.

"பிடியுங்க டீச்சரே. ஒண்ணாவது வந்தா இதையும் சேத்துச் சுமக்கணுமாம்."

டீச்சர் இரண்டடி பின்னால் போனாள். செயலாளர் ஓடிவந்து கடவத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே மறைந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் செல்லபாய்தான் தொடங்கினாள்.

"நான் சும்மா இருந்திருந்தா ஒனக்கு ஒண்ணாவது கெடச்சிருக்கும் மக்கா."

"கெடச்சிருக்கும்" என்றாள் பெமிலா. ஒப்புக்குக்கூட ஆறுதல் சொல்லவில்லை. பிறகு அவளாகவே சொன்னாள். "பொழிமுகத்துல நாலு துண்டு தொங்கவிட்டுப் பாக்கணும்மா. இவ்வளவு நாளும் எல்லாரும் கொள்ளாம், நல்லாயிருக்குன்னு கை தட்டுனாவளே தவிர, ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்ல."

அவள் முகத்தில் இருந்த களையைச் செல்லபாய் ஒரு பரிசு விழாவிலும் பார்த்ததில்லை. பார்த்து வயிறு குளிர்ந்தது. குளிர்ந்த வயிற்றோடு பீஸும் நினைவுக்கு வந்தது.

முன் சீட்டிலிருந்து ஏசுஅடிமை திரும்பினான். "பீசுக்கு என்ன செய்வோம்?"

"ஸ்கூட்டர வித்திருவோம்."

"வித்திட்டு?"

"தலையில்லியா எனக்கு? ஒரு கடவம் வாங்கணும். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திங்கள்நகர்த் தெருவில் அவள் அதைச் சுமந்து போகும்போது படம் எடுக்க ஒரு பயலும் வரமாட்டான்.