ஆறு நிமிஷ அப்பா

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவனுக்கு ஹாரன் என்று பட்டப்பெயர் வந்த கதை சின்னது. வேனில் ஹாரன் வேலை செய்யவில்லை. முதலாளியிடம் சொன்னான். இன்றைக்கு ஆகட்டும், நாளைக்கு ஆகட்டும் என்று மூன்று மாதம் ஓடியது. அதுவரை ஒவ்வொரு வாசலிலும் தலையை வெளியே நீட்டித் தொண்டையாலேயே கூப்பிட்டான். மூன்றாவது மாடிப் பிள்ளைகூடச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. பிறகு ஹாரனை மாற்றினார்கள், பெயர் மாறவில்லை. பிள்ளைகளுக்கு அவன் ஹாரன் மாமா. மற்ற டிரைவர்களுக்கு வெறும் ஹாரன்.

அந்த வேனில் அவனை மாமா என்று கூப்பிட்ட பதினாறு பிள்ளைகளில் ஒன்று அவன் பெற்ற பிள்ளை.

அதற்கு முதலாளி பாதிக் காரணம். மீதிப் பாதியை யார் தலையில் கட்டுவது என்று ஹாரன் பல வருஷம் தேடினான். ஆள் கிடைக்கவில்லை.

மகளுக்கு ஐந்து வயதாகும்போது முதலாளிதான் பள்ளிக்கூடத்தில் பேசி இடம் வாங்கித் தந்தார். பெரிய இடம். டிரைவர் வீட்டுப் பிள்ளை வாசலோடு திரும்ப வேண்டிய இடம். விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற கட்டத்தில் முதலாளியே "போக்குவரத்து" என்று எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை. பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்.

"உன் பொண்ணு வண்டியில காசில்லாம வர்றது மத்தவங்களுக்குத் தெரிஞ்சா ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. வண்டிக்குள்ள அவ எல்லாரையும் போல ஒரு புள்ள. புரியுதா?"

"புரியுது சார்."

கொஞ்சம் அதிகமாகவே புரிந்துகொண்டான். அன்று சாயங்காலமே மகளைக் கட்டில் மேல் ஏற்றித் தன் முகத்துக்கு நேராக நிறுத்திச் சட்டம் போட்டான். தெருமுனையில் வண்டி ஏறியதிலிருந்து முதல் வீடான பல் டாக்டர் வீடு வரை ஆறு நிமிஷம். அதுவரை அப்பா. டாக்டர் வீட்டுப் பிள்ளை ஏறிவிட்டால் மாமா. திரும்பும்போதும் அப்படித்தான். கடைசியாக டாக்டர் வீட்டுப் பிள்ளை இறங்கிய பிறகு மறுபடி அப்பா.

"மறந்து போய் அப்பான்னு கூப்பிட்டா?" என்று கேட்டது பிள்ளை.

"கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன்."

பெண்டாட்டி துணிக்கடையில் வேலை பார்ப்பவள். மற்றவர்கள் பிரித்துப் போடும் துணிகளை நாள் முழுக்க மடித்து அடுக்க வேண்டும். வீட்டிலும் கை சும்மா இருக்காது. அன்றைக்கும் எதையோ மடித்துக்கொண்டே சொன்னாள். "பெத்த பொண்ண மாமான்னு கூப்பிடச் சொல்ற ஆள நான் இப்பதான் பாக்கறேன். அப்ப எனக்கு நீங்க என்ன முறை?"

"வண்டியில ஏறினா உனக்கும் மாமாதான்" என்றான். அன்று மூன்று பேருமே சிரித்தார்கள்.

முதல் மாதம் பிள்ளைக்கு விளையாட்டாக இருந்தது. டாக்டர் வீட்டுத் திருப்பம் வந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொள்ளும். டிரைவர் தலைக்கு மேலே, பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று ஒரு நீளக் கண்ணாடி உண்டு. அதில் அவளுடைய ரிப்பன் நுனி மட்டும்தான் தெரியும். ரிப்பன் ஆடினால் அவள் சிரிக்கிறாள் என்று அர்த்தம். ஹாரனுக்கு அது போதும்.

ஆறு வயது நடக்கும்போது அந்தச் சம்பவம் நடந்தது. டாக்டர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. டாக்டரம்மா மகளை ஏற்றிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள். இழுக்கிற கதவு, கனம். ஹாரனின் மகள் விரலை விளிம்பில் வைத்திருந்தாள். நடுவிரல் மாட்டிக்கொண்டது. "அப்பா" என்று கத்தினாள். கத்தலில் தெரு நாய்கூட எழுந்து நின்றது.

ஹாரன் ஓடி வந்து கதவைத் தள்ளினான். விரலைப் பிடித்து ஊதினான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்பா, அப்பா என்று விடாமல் அழுதாள்.

டாக்டரம்மா கேட்டாள். "என்னங்க, உங்கள அப்பாங்குது?"

ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் மனுஷன் எத்தனையோ சொல்லியிருக்கலாம். டாக்டரம்மா முதலாளியைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதும் இல்லை. ஆனால் ஹாரன் பல்லைக் காட்டிச் சொன்னான். "அழற பிள்ளைங்க யாரப் பாத்தாலும் அப்பாம்பாங்க மேடம்."

அழுகை பாதியில் நின்றது. கழுத்தைக் கட்டியிருந்த கை இறங்கியது. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு ஒருநாள்கூட அவள் வாய் தவறவில்லை. நகம் கறுத்து விழுந்து, நடுவில் ஒரு மேட்டோடு கோணலாக முளைத்தது.

பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ஹாரன் வெளியில் சொல்லிக்கொண்டான்.

வருஷங்கள் நீளக் கண்ணாடியில்தான் ஓடின. ரிப்பனுக்குக் கீழே நெற்றி வந்தது. நெற்றிக்குக் கீழே கண் வந்தது. பத்து வயதில் முழு முகமும் வந்தது. பள்ளி முடிந்ததும் அவன் டியூஷன் பிள்ளைகளையும், அப்புறம் ஆலை ஆட்களையும் ஏற்றி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகும்போது அவள் தூங்கியிருப்பாள். விடிந்தால் குளியலும் புத்தகமும்தான். ஆக அவனுக்கென்று இருந்தது காலையில் ஆறு நிமிஷம், மாலையில் ஆறு நிமிஷம். அந்த நிமிஷங்களில் அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கணக்கு டீச்சர் நடக்கிற மாதிரி தோளை ஆட்டிக் காட்டுவாள். பதினொன்றில் நடு சீட்டுக்குப் போனாள். பன்னிரண்டில் கடைசி வரிசை. அங்கிருந்து பேசினால் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. ஆகவே பேச்சும் நின்றது. அப்பா என்று கூப்பிட இடம் இருந்தும் கூப்பிடவில்லை, மாமா என்றும் கூப்பிடவில்லை. வீட்டில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் "அவரச் சாப்பிடச் சொல்லும்மா" என்பாள். பக்கத்தில்தான் அவன் உட்கார்ந்திருப்பான்.

"வயசு அப்படி" என்றான் பெண்டாட்டியிடம்.

"வயசு மேல பழியப் போடுங்க. அது வாயத் தொறந்து பதில் சொல்லாது" என்றாள் அவள்.

பதினாலு வயதில் பள்ளிக்கூட வாசலில் அந்தக் கார் தகராறு. வேன் நிற்கிற இடத்தில் ஒருவன் தன் வெள்ளைக் காரை நிறுத்திப் பையனை இறக்கிக்கொண்டிருந்தான். ஹாரன் ஒதுங்கி நின்று காத்திருந்தான். கார்க்காரன்தான் கண்ணாடியைப் பார்க்காமல் பின்னால் வந்து வேனில் முட்டிக்கொண்டான். முட்டியவன் இறங்கி வந்து ஹாரனின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தான். பொத்தான் ஒன்று தெறித்தது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? உன்ன மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் யாருடா வண்டி தர்றாங்க?"

ஊருக்கே கேட்கிற தொண்டை அன்று ஹாரனுக்கு எழவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அவன் பார்வை வேனுக்குள் போயிற்று. பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் முகம் வைத்திருந்தன. கடைசி வரிசையிலிருந்து மகள் எழுந்து வந்தாள். இறங்கினாள். நேராக அந்த ஆள் முன்னால் நின்றாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று ஹாரன் நினைத்தான். சொல்லட்டும், முதலாளி என்ன செய்கிறாரோ செய்யட்டும் என்றும் நினைத்தான். எட்டு வருஷமாக அவன் காத்திருந்தது இந்த ஒரு சொல்லுக்குத்தான் என்று அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

"சார், சட்டைய விடுங்க" என்றாள். குரல் நடுங்கவில்லை. "முட்டினது நீங்க. நாங்க எல்லாரும் பாத்தோம். இவரு எங்க வேன் டிரைவர். பாவம், நல்ல மனுஷன்."

அந்த ஆள் கையை எடுத்தான். காலர் விடுபட்டது. ஆனால் அந்தப் 'பாவம்' மட்டும் ஹாரன் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

அன்று மாலை, டாக்டர் மகள் இறங்கிய பிறகு வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன வார்த்த?"

"அப்பான்னு."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "அழற பிள்ளைங்கதான அப்பாம்பாங்க. நான் அழலையே."

ஹாரன் வண்டியை எடுத்தான். வேறென்ன செய்வான்.

கதை அதோடு முடிந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். தலைமை ஆசிரியைக்கு விஷயம் போய், மறுநாள் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திவைத்துப் பாராட்டினாராம். டாக்டர் மகள் வேனில் ஏறியதும் ஏறாததுமாய் ஒப்பித்தாள். "மாமா, உங்களுக்காகப் பேசினதுக்கு இவளுக்கு ஆண்டு விழாவுல பரிசு. 'யாரோ ஒரு டிரைவர்தானேன்னு நினைக்காம ஒரு ஏழைத் தொழிலாளிக்காக நின்னா'ன்னு சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினோம்."

"நானும் தட்டறேன்மா" என்றான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாததால் தட்டவில்லை.

விழா ஒரு சனிக்கிழமை காலை. பெண்டாட்டி கடையில் லீவு சொல்லிவிட்டு, தானே மடித்து வைத்திருந்த நல்ல புடவையைப் பிரித்துக் கட்டிக்கொண்டு வந்தாள். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவள், டாக்டர் வீட்டுத் திருப்பம் வந்ததும் நேராகப் பார்த்தபடி சொன்னாள். "டிரைவர், கொஞ்சம் மெதுவா போங்க." இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அம்மாவும் மகளும் உள்ளே போனார்கள். டிரைவர்களுக்கு மைதானத்தில் வேப்ப மரத்து நிழல். ஒலிபெருக்கி வெளியிலும் கட்டியிருந்தார்கள், அதனால் எதுவும் தப்பவில்லை. மகளின் பெயரைச் சொன்னார்கள். ஏழைத் தொழிலாளியைப் பற்றி மறுபடி சொன்னார்கள். கைதட்டல் நின்று போகாமல் ஓடியது.

பெரிய பஸ் ஓட்டுகிற தாடி, பீடியைக் காதில் செருகிக்கொண்டு கேட்டான். "ஹாரா, உன் வண்டிப் பொண்ணாமே?"

"என் பொண்ணு" என்றான் ஹாரன். வெளி ஆளிடம் முதல் முதலாகச் சொன்னான்.

"பின்ன இருக்காதா? ஒன்பது வருஷமா ஏத்தி இறக்கற. எனக்கும்தான் பஸ்ல நாப்பது பிள்ளைங்க."

"அதில்லப்பா. நான் பெத்த பொண்ணு."

தாடி அவனை மேலும் கீழும் பார்த்தான். அப்புறம் மூக்கை அவன் வாயருகே கொண்டு வந்து முகர்ந்தான். "காலையிலேயேவா?" என்றான்.

இனிச் சொன்னாலும் செல்லாது என்று ஹாரனுக்குப் புரிந்துபோயிற்று.

திரும்பும்போது பிள்ளைகள் ஒவ்வொன்றாக இறங்கின. டாக்டர் மகளும் இறங்கிக் கை காட்டிவிட்டுப் போனாள். இப்போது வண்டியில் அவர்கள் மூன்று பேர் மட்டும். ஆறு நிமிஷம். ஹாரன் நீளக் கண்ணாடியைச் சரி செய்தான். கடைசி வரிசையில் மகள், மடியில் கேடயம். வேண்டுமென்றே வண்டியை உருட்டினான். சைக்கிள்கள் முந்திப் போயின. பெண்டாட்டி திரும்பி, "அதக் காட்டேன்டி இவருக்கு" என்றாள். மகள் கேடயத்தைத் தூக்கிக் காட்டினாள். கண்ணாடியில் எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தது. "நல்லாருக்கு" என்றான். இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது, கூப்பிட்டாலும் கூப்பிடுவாள் என்று காதைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினான்.

தெருமுனைக்குச் சற்று முன்னால் காகிதக் கடை. அவள் கூப்பிட்டாள்.

"மாமா, இங்கயே நிறுத்துங்க. நோட்டு வாங்கணும்."

மாமா என்று வேண்டுமென்றே சொன்னதல்ல. சொன்னதே அவளுக்குத் தெரியவில்லை. கேடயத்தைப் பைக்குள் திணிக்கிற அவசரத்தில் இருந்தாள். பெண்டாட்டியின் கை முந்தானையை மடிப்பதை நிறுத்தியது.

ஹாரன் பிரேக் போட்டான். திரும்பினான். மாமா என்று கூப்பிட்டால் அவன் என்றைக்கும் திரும்பியிருக்கிறான்.

மகள் இறங்கினாள். விளிம்பிலிருந்து விரலைத் தள்ளி வைத்து, உள்ளங்கையால் கதவைத் தள்ளிச் சாத்தினாள். கடைப்படி ஏறினாள். அவன் அவளையே பார்த்தபடி இருந்தான்.

"வண்டிய எடுங்க" என்றாள் பெண்டாட்டி. "பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க."